சிவகாசி கேட்டவருக்குச் சிவகிரி

எழுபதுகளின் பிற்பாதியில் சங்கரன்கோவிலில் நான் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அந்த வேலை என்னவென்றே தெரியாது. அதனால் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அப்போது ரிசீவரை எடுத்தால் நேராக யாரிடமும் பேச முடியாது. எங்கள் முன்னால் இருக்கும் போர்டில், அந்த வீட்டு எண்ணுக்குரிய சின்ன மூடி ‘டிக்’கென்று விழும். நாங்கள் ஒயரை அதற்குக் கீழே உள்ள துளையில் சொருகி, “நம்பர் ப்ளீஸ்” என்போம். வெளியூர் என்றால் ஊரையும் எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு, லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைப்போம். கண்ணும் கையும் வேண்டும்தான். ஆனாலும் அது முழுக்க முழுக்கக் காதை நம்பிய வேலை.

ஒரு வருடம், ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த சமயத்தில் எனக்கு இருமல் பிடித்தது. கூட்டத்துத் தூசி என்று நினைத்தேன். ஒரு மாதமாகியும் விடவில்லை. சாயங்காலமானால் உடம்பு காந்தும். ஒருநாள் கைக்குட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும், அம்மாவுக்குத் தெரியாமல் அதை அலசிப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். திருநெல்வேலிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். டி.பி. என்று முடிவாகிவிட்டது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். நான் வேலைக்கு வந்த வருடமே தவறிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பாவின் தம்பி ஒருவர் இதே நோயில் நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனார். அவரைத் தோட்டத்தில் தனிக் குடிசை போட்டு வைத்திருந்ததையும், சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு வந்ததையும் சொல்லிச் சொல்லி அம்மா அழுதாள்.

டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “அது அந்தக் காலம்மா. அப்ப எங்க கையில ஒண்ணும் கிடையாது. இப்ப ஊசி இருக்கு. தவறாமப் போட்டா உங்க பிள்ளை பிழைச்சுக்கிடும்” என்றார்.

அந்த ஊசியின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசின். சின்னக் குப்பிக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும். நர்ஸ் அதில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கி இடுப்பில் போடுவார். கூடவே மாத்திரை. இரண்டு மாதம் லீவு போட்டுவிட்டுத் தினமும் போய்ப் போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரமே காய்ச்சல் நின்றுவிட்டது. சோறு வேண்டும் என்று நானே கேட்க ஆரம்பித்தேன். அம்மா தட்டைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், உள்ளே போய் ஜெபம் பண்ணுவாள். சளியில் கிருமி இல்லை, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊசியை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தார். ஆனால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் போட்டாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு முறை போகும்போதும் அவர் இரண்டு கேள்வி கேட்பார். “காது இரையுதா? தலை சுத்துதா?” நான் இல்லை என்பேன். சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தருவார். முதல் சில மாதங்கள் அது உண்மைதான்.

ஐந்தாவது மாதமோ ஆறாவது மாதமோ, காதுக்குள் ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த வீட்டில் மெஷினே கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. இருட்டில் நடந்தால் தரை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருக்கும். சுவரைத் தொட்டுக்கொண்டு போவேன்.

அடுத்த முறை டாக்டர் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். ஊசிக்கு வரும்போது பெஞ்சில் என் பக்கத்தில் நெசவு வேலை பார்க்கிறவர் ஒருவர் உட்காருவார். உடம்பு தேறிவிட்டது என்று அவராகவே வருவதை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் அவர் இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார். காது இரைகிறது என்று சொன்னால் என் ஊசியையும் நிறுத்திவிடுவார்கள், நானும் அப்படிப் போய்விடுவேன் என்று பயம். சொல்லாமல் இருந்தால் காது போய்விடும், காது போனால் வேலை போய்விடும். எந்தப் பக்கம் நினைத்தாலும் அடைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்று போவேன், அவர் கேட்டதும் வாய் தானாக “இல்ல டாக்டர்” என்றுவிடும். நன்றாகத்தானே கேட்கிறது என்று நானே எனக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வேன்.

உண்மையில் நன்றாகக் கேட்கவில்லை. போர்டில் மூடி விழுந்த மாதிரி இருக்கும். ஒயரைச் சொருகி “நம்பர் ப்ளீஸ்” என்றால் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். ஆண்கள் குரல் பரவாயில்லை. பெண்கள் பேசினால் எழுத்துகள் உதிர்ந்து உதிர்ந்து வரும். என் பக்கத்து நாற்காலியில் எனக்குப் பத்து வயது மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “ஏட்டி, யாருகிட்ட பேசுத? அங்கன ஒருத்தரும் இல்லையே” என்று சிரிப்பார். நானும் சிரித்துவைப்பேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். ஊரில் ஒரு லேடி டாக்டர் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து மூடி விழுந்தது. ஒரு ஆண் குரல். மூச்சு வாங்கியது.

“அம்மா, அர்ஜென்ட் கால் ஒண்ணு போடணும். சீக்கிரம் போட்டுத் தாங்க, தாயி.”

எந்த ஊர் என்று கேட்டேன். அவர் சொன்னார். ‘சிவ’ என்பது தெளிவாக விழுந்தது. மிச்சம் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது. சிவகிரிக்கு எங்களிடமிருந்து நாள் முழுக்கப் பேச்சு இருக்கும். கை தானாகச் சிவகிரி என்று எழுதியது. விதிப்படி திருப்பிச் சொல்லவும் செய்தேன். “சிவகிரி இருபத்தி நாலு, சரிதானே?” அவர் ஆமாம் என்று சொன்னதாகத்தான் நினைக்கிறேன். அவர் பதற்றத்தில் எதையும் கவனிக்காமல் ஆமாம் என்றாரா, இல்லை அவர் வேறு ஏதோ சொல்லி எனக்கு ஆமாம் என்று கேட்டதா, அதுவும் இப்போது தெரியாது.

லைன் உடனே கிடைத்தது. அது ஒரு ரைஸ் மில். மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ கத்துவது கேட்டது. இவரும் இங்கிருந்து கத்தினார். “அப்படி ஆளு இங்க யாரும் வேலை பாக்கலய்யா” என்று அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவரும் வைத்துவிட்டார். நான் சீட்டில் நேரத்தைக் குறித்து, முடிந்த சீட்டுகளைக் குத்தி வைக்கும் ஆணியில் குத்திவிட்டு அடுத்த மூடியைப் பார்த்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அதே ஆஸ்பத்திரி மூடி மறுபடி விழுந்தது. நான் வேறு காலில் இருந்ததால் அக்கா எடுத்தார். கொஞ்ச நேரம் பேசினார். பிறகு ஆணியில் இருந்த என் சீட்டை உருவிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

“ஏட்டி, காலையில நீ போட்டது சிவகிரியா? அவரு சிவகாசின்னுல்லா சொல்லுதாரு. அங்க ஒரு அச்சாபீஸ்ல அவரு மச்சினன் இருக்கானாம். அவரு சம்சாரத்துக்குப் பிரசவமாம், அவன் ரத்தம் கொடுக்க வரணுமாம். ஆளு இல்லன்னதும் இவ்வளவு நேரம் வேற ஆளத் தேடி அலைஞ்சாராம்.”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே மதுரை வழியாகச் சிவகாசி லைனைப் பிடித்தார். மச்சினன் அங்கேதான் இருந்தார். தகவல் போய்விட்டது. ஆனால் சிவகாசியிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டுமே. அன்று முழுக்க எத்தனை கால் போட்டேன், என்ன எழுதினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஒவ்வொரு சீட்டையும் அக்காவிடம் காட்டிக் காட்டிச் செய்தேன். அவர் காரணம் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

டூட்டி முடிந்ததும் நேராக டாக்டரிடம் போனேன். அது ஊசி நாளே இல்லை. “டாக்டர், காது இரையுது. ரெண்டு மூணு மாசமா இரையுது” என்றேன்.

அவர் திட்டவில்லை. கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் காதுப் பக்கம் கொண்டுவந்தார். “டிக் டிக் கேக்குதா?” கேட்கவில்லை. இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார். காது மடலில் வாட்ச் பட்டபோதுதான் லேசாக ஏதோ கேட்டது. மறு காதிலும் அப்படியே. வாட்சைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

“நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா.”

“ஊசியை நிறுத்திருவீங்கன்னு பயந்துட்டேன் டாக்டர்.”

“நிறுத்தத்தான் செய்வேன். இன்னையோட நிறுத்துதேன். வேற மாத்திரை தாரேன், கொஞ்சம் கூடுதல் நாள் சாப்பிடணும்.”

“போனது திரும்பி வருமா?”

“வராது. இனிமே கூடாம இருக்கலாம்.”

“முதல்லயே சொல்லியிருந்தா?”

அவர் என் எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெஞ்சில் முன்பு வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டினார். பெரும்பாலும் ஆறியிருந்தது. “முதல்லயே சொல்லியிருந்தா காது இவ்வளவு போயிருக்காது. ஆனா அந்த மாசத்துலயே ஊசியை நிறுத்தியிருந்தா நெஞ்சு இவ்வளவு ஆறியிருக்குமா? எனக்குச் சொல்லத் தெரியலம்மா. நிஜமாவே தெரியல. இந்த ஊசி வந்த புதுசுல, சாகப் போனவங்க எந்திரிச்சு நடந்து போறதப் பாத்து நாங்க சாமி வந்த மாதிரி ஆடினோம். காது போனவங்க அதுக்குப் பிறகுதான் ஒவ்வொருத்தரா வந்தாங்க.”

அவர் சொன்னதை வைத்து நான் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது, “நெஞ்சு ஆறிட்டுல்லா?” என்றுதான். ஆறிவிட்டது என்றேன். “அப்போ போதும். நான் சத்தமா பேசிக்கிடுதேன்” என்றாள். அவளுக்கு அது அவ்வளவு எளிதாக இருந்தது. எனக்கு இல்லை. ஏனென்றால் போனது என் காது மட்டும் என்றால் நானும் போதும் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாம் நாள் அந்த லேடி டாக்டரின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரைக் கேட்பது என்றுகூடத் தெரியாமல் நின்றபோது, வராந்தாவில் ஒருவர் பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். “யாரும்மா வேணும்?” என்றார். போனில் கேட்ட அதே குரல். இளையரசனேந்தல் பக்கம் மானாவாரி விவசாயம் பார்க்கிறவராம். முப்பது வயதுகூட இருக்காது. நான் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிறவள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்கதானா அது? அன்னைக்கு ரெண்டாவது தடவ நீங்க சிவகாசியப் பிடிச்சுத் தரலைன்னா என் வீட்டுக்காரி இல்லம்மா. மச்சினன் வந்து ரத்தம் கொடுத்தான். பிழைச்சுக்கிட்டா” என்று இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு அப்படியே திரும்பி வந்திருக்கலாம். வந்துவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பெண் குழந்தை, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொண்டேன். பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்கவே இல்லையாம். அவளுடைய ரத்த வகை அபூர்வமானது. அவளுக்கும் அவள் தம்பிக்கும் ஒரே வகை என்று முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்கள். தம்பி வரும் வரை பொறுக்க முடியாது என்று டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டாராம். முதல் பிரசவம். இனிப் பிள்ளை இல்லை.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். தலைசுற்றல் ஊசியாலா, அந்தச் செய்தியாலா என்று தெரியவில்லை.

“அண்ணாச்சி, சிவகாசியப் பிடிச்சுத் தந்தது நான் இல்ல, என்கூட வேலை பாக்குற அக்கா. முதல் காலைப் போட்டதுதான் நான். நீங்க சிவகாசி கேட்டீங்க. எனக்குச் சிவகிரின்னு விழுந்துட்டு.”

அவருக்கு முதலில் புரியவில்லை. லைன் கோளாறு என்று நினைத்து, “லைனு எப்பவும் அப்படித்தானம்மா” என்றார். லைன் இல்லை, என் காது என்று சொன்னேன். டி.பி. வந்தது, ஊசி போட்டது, காது இரைந்தது, டாக்டர் கேட்டும் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு சத்தமாகப் பேசினேனோ, உள்ளே அறைக்குக் கேட்டிருக்குமோ என்று பயமாக இருந்தது. திரை பாதி விலகியிருந்தது. கட்டிலில் ஒரு பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பது தெரிந்தது. முகம் தெரியவில்லை. பக்கத்தில் துணிச் சுருளாகக் குழந்தை.

அவர் பிளாஸ்க்கைத் தரையில் வைத்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அந்த ஊசியப் போடாம இருந்தா நீங்க என்ன ஆயிருப்பீங்க?” என்று கேட்டார்.

“இந்நேரம் இருந்திருக்க மாட்டேன்.”

“காலையிலேயே தகவல் போயிருந்தா அவன் நேரத்துக்கு வந்திருப்பானா?”

“தெரியல, அண்ணாச்சி.”

“வந்திருந்தா அதை எடுக்காம விட்டிருப்பாங்களா?”

“அதுவும் எனக்குத் தெரியல.”

அவர் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே தெருவைப் பார்த்தார். “அப்போ நான் யாரைப் போயி ஏச?” என்றார். என்னைக் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. “ஊசி கண்டுபிடிச்சவனையா? அவன் உங்களக் காப்பாத்திருக்கான். இந்த டாக்டரம்மாவையா? அவங்க இவளக் காப்பாத்திருக்காங்க. உங்களையா? நீங்க சாகப் பயந்தீங்க. நானும்தான் அன்னைக்குப் பயந்தேன். நீங்க என்னத்தத் திருப்பிச் சொன்னீங்கன்னே எனக்கு ஞாபகம் இல்ல.”

பிறகு, “இத அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க” என்றார். சரி என்று தலையாட்டினேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டார். உங்கள்மேல் வருத்தம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரமே என் மேலதிகாரியிடம் உண்மையை எழுதிக் கொடுத்தேன். வேலை போகவில்லை. போர்டிலிருந்து எடுத்துப் பக்கத்து அறையில் எழுத்து வேலைக்குப் போட்டார்கள். மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தேன். கடைசி எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். பிறகு கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள். முதல் பிள்ளை பிறந்தபோது அதன் அழுகை எனக்குத் தூரத்திலிருந்து வருவது போலத்தான் கேட்டது. அதைக் கேட்டுச் சந்தோஷப்படும்போதே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபோதும் வந்தாள்.

புது மருந்து, புது மெஷின் என்று யாராவது பேசினால் என் பிள்ளைகள் என்னிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். அந்த ஊசி வராமல் இருந்திருந்தால் நான் அவர்களுக்குத் தாயாக இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வேண்டும் என்று முழு மனதோடு சொல்லவும் முடியவில்லை. டாக்டர் கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்வேன். அது ஒன்றுதான் நான் கற்றுக்கொண்டது.

நான் உயிரோடு இருப்பதற்காக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்தில் நன்றி சொல்கிறேன், அந்தப் பெண்ணுக்காக மன்னிப்பும் கேட்கிறேன். இரண்டையும் ஒரே ஜெபத்தில் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்பது மட்டும் இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.